ஒத்து ஊதாத சுருதி

ஏப்ரல் 13 இரவு எங்கள் தெருவில் ஒரு சண்டை. கைகலப்பு இல்லை, வாய்ச்சண்டைதான். ஆனால் அதன் சூடு இன்னும் தணியவில்லை. தணியக் கூடாது என்றும் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அண்ணல் பிறந்தநாள் கொண்டாட எல்லாரும் தெருமுனையில் கூடியிருந்தோம். கொடி, தோரணம், சீரியல் லைட்டு, கேக்கு எல்லாம் தயார். பதினொரு மணி வாக்கில், மைக்செட் வைத்துத் தொழில் செய்யும் எங்கள் தெருத் தம்பி ஒருவன் மேடையேறினான். கறுப்பாக ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தான். ஒயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். இரண்டு கை விரல்களையும் பெட்டிமேல் வைத்தான். அடுத்த இருபது நிமிடத்துக்குப் பாட்டு இல்லை, தாளம் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. நீளமாக ஓர் உறுமல் மட்டும். அது கனத்தது, பிளந்தது, இரண்டு உறுமலாகி ஒன்றோடொன்று உரசியது. சட்டென்று விசில்போல மேலே ஏறிக் கிழிந்து மறுபடி அடித்தொண்டைக்கு இறங்கியது. பெட்டி ஒரு பக்கம் இழுக்க, தம்பி ஒரு பக்கம் இழுத்தான். பல நேரம் பெட்டிதான் ஜெயித்தது.

"இன்னாடா இது, மாடு ஈனறப்ப கத்தற மாதிரி கீது" என்று ஒரு அக்கா சிரித்தார். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கூத்தாடினார்கள். இசை கொஞ்சம் கற்ற சென்னை நண்பர் ஒருவர் என் காதோரம் குனிந்து, "சுருதியே நிக்கலியே" என்றார். இயக்கத்தின் மூத்த தோழர் மட்டும் சிரிக்கவில்லை. தம்பி இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டார். "நம்மகிட்ட பறை கீது. அதுக்கு மேல இன்னா கருவி வேணும்? ஏசி ரூம்ல குந்திகினு பணக்காரப் பசங்க ஆடற பொம்மை இது. இதுல அரசியல் எங்க கீது, சொல்லு பாக்கலாம்."

தம்பி பதில் சொல்லவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அன்று நானும் தோழர் பக்கம்தான் நின்றேன். இன்று அப்படி நிற்க முடியவில்லை.

*

அடுத்த ஞாயிறு தம்பி வீட்டுக்குப் போனேன். "தொட்டுப் பாருண்ணே, அப்புறம் பேசு" என்றான்.

அந்தப் பெட்டியின் பெயர் லைரா-8. ருஷ்யரான விளாத் கிரெய்மர் வடிவமைத்தது. கம்பெனியின் பெயர் சோமா. வேதகாலத்துச் சோமபானத்தைத் தேடி யாரும் ஓட வேண்டாம், கிரேக்கத்தில் சோமா என்றால் உடல். சிந்தசைசர் வகைதான், ஆனால் நாம் பார்த்துப் பழகிய கருப்பு வெள்ளைக் கட்டைகள் இதில் கிடையாது. எட்டுக் குரல்கள். ஒவ்வொரு குரலையும் எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதைத் திருகு ஒன்றைத் திருப்பி நாமே காதால் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஸ ரி க ம வும் இல்லை, டோ ரே மி யும் இல்லை. ஒவ்வொரு குரலுக்கும் கீழே உலோகத் தொடுமுனைகள் உண்டு. விரல் அவற்றை ஒருசேரத் தொட்டால் நம் தோல் வழியாக மெல்லிய மின்சாரம் பாய்ந்து குரல் எழும்பும். விரலை எடுத்தால் அடங்கிவிடும். ஒரு குரல் இன்னொரு குரலைக் குலைக்கும்படி இணைப்புகள் உள்ளே இருக்கின்றன. அதனால் இங்கே தொட்டால் அங்கே மாறும். எதிரொலியை உண்டாக்கும் பகுதி ஒன்று, வெளியே போன ஒலியைத் திரும்ப உள்ளே இழுத்து இன்னும் கலைக்கும். நேற்று வந்த ஒலி இன்று அதே விதத்தில் வராது. உயிரியைப் போல நடந்துகொள்ளும் கருவி என்று அதைச் செய்தவர் சொல்வது வெறும் விளம்பரமல்ல.

நான் தொட்டேன். சத்தமே வரவில்லை. தம்பி சிரித்தான். "வெரலு காஞ்சிகீதுண்ணே. நாள் பூரா நோட்டு எண்றவரு ஆச்சே." வங்கிக் கவுன்டரில் விரல் நனைக்க எங்களுக்கு ஈரப் பஞ்சு வைத்திருப்பார்கள். அதே போல ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். விரலை நனைத்துத் தொட்டேன். பெட்டி உறுமியது. என் தோலின் ஈரத்தைக் கேட்டுவிட்டு உறுமியது. கவுன்டருக்கு அந்தப் பக்கமிருந்து, என் கையில் கொடுக்காமல் பலகைமேல் பணத்தைப் போடுகிற சில மனிதர்களை எனக்குத் தெரியும். அந்த விரல்கள்தான் இவை. இந்தப் பெட்டிக்கு அந்தக் கூச்சம் இல்லை. தொடாவிட்டால் அது ஊமை.

தொடாமலே ஒலித்துக்கொண்டிருக்கச் செய்யவும் அதில் வசதி உண்டு. தம்பி அதை அணைத்துவைத்திருந்தான். ஏன் என்றேன். "தொடாம வர்ற சத்தம்தான் ஊர் பூரா கீதே" என்றான். அங்கேதான் எனக்கு ஏதோ உறைத்தது.

*

நீளமாக ஒரே ஒலியைப் பிடித்துக்கொண்டிருப்பது நமக்குப் புதிது இல்லை. கச்சேரியில் பின்னால் தம்புரா இருக்கிறது. நாலு தந்திகளை மாற்றி மாற்றி மீட்டினால் ஒரு ரீங்காரம். நாகசுரத்தோடு ஒத்து இருக்கிறது. நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்த கருவி, ஆனால் அதில் ராகம் கிடையாது, ஆலாபனை கிடையாது. மூச்சு விடாமல், விட்டாலும் தெரியாமல், ஒரே சுரத்தை மணிக்கணக்கில் ஊத வேண்டும். பெரும்பாலும் சிறுபையனோ சிஷ்யனோ அந்த வேலையைச் செய்வான். சுருதிப் பெட்டி வந்து ஒத்து ஊதுகிறவனை வீட்டுக்கு அனுப்பியது. 1970களின் இறுதியில் பெங்களூரில், புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த பொறியாளர் ஜி. ராஜ்நாராயண் மின்சுருதிப் பெட்டியைச் செய்தார். அதற்குப் பிறகு துருத்தி அசைக்கும் கையும் தேவைப்படவில்லை. பொத்தானை அழுத்தினால் போதும், கச்சேரி முடியும்வரை நகராமல் நிற்கும்.

இப்போது நம் மொழியைப் பாருங்கள். அதிகாரத்துக்கு அடிபணிகிறவனை என்னவென்று திட்டுகிறோம்? ஒத்து ஊதுறான். ஜால்ரா போடுறான். தாளம் போடுறான். பின்பாட்டு பாடுறான். நாலும் பக்கவாத்தியக்காரன் வேலை. தமிழ்ச் சமூகம் கச்சேரியை எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறது! நடுவில் ஒருவன் உட்காருவான், அவன் விருப்பப்படி ஏறலாம், இறங்கலாம், புதுசு புதுசாகக் கற்பனை செய்யலாம். அவன் கற்பனை செய்வதற்காகச் சுற்றியிருப்பவர்கள் நகராமல் நிற்க வேண்டும். அவர்கள் நகர்ந்தால் அது கற்பனை இல்லை, அபசுரம். மேடையை மட்டும் பற்றிய பேச்சாக இதை நான் பார்க்கவில்லை. ஊர் என்ற அமைப்பே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஊர் ஆலாபனை செய்ய, சேரி சுருதி பிடிக்க வேண்டும்.

ஆகவே 'சுருதியே நிக்கலியே' என்று நண்பர் சொன்னது சரியான கவனிப்பு, தவறான தீர்ப்பு. ஆமாம், நிற்கவில்லை. ஒத்து நகர ஆரம்பித்துவிட்டது. பக்கவாத்தியமாக இருந்த ஒலி நடுமேடைக்கு வந்து, "இருபது நிமிஷம் நான்தான், என்னைக் கேள்" என்கிறது. அதிலும் நடுவில் உட்கார்ந்ததும் புது எசமானாக மாறாமல், தன்னைத் தொடுகிறவனுக்கும் அடங்காமல், அவனையும் ஒவ்வொரு நொடியும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கச் செய்கிறது.

*

தோழரின் கேள்விக்கு வருகிறேன். அது லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. இது பணக்காரர் பொம்மைதானே?

உண்மைதான். புதிதாக வாங்கினால் என்னைப் போன்ற குமாஸ்தா கணக்குப் போட்டுப் பார்த்து மூடிவைக்கிற விலை. தம்பி பெங்களூரில் ஒருவர் கழித்துப் போட்டதைத் தவணையில் வாங்கினான். இந்தியாவில் இத்தகைய கருவிகளின் வரலாறே அப்படித்தான் தொடங்குகிறது. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. ராபர்ட் மூக்கின் சிந்தசைசர் அங்கே வந்து இறங்கியது. அதை நிறுவித் தந்தவர் அமெரிக்கரான டேவிட் டியூடர். தன் கைக்கு முழுதும் அடங்காத மின்சுற்றுகளோடு வாசிப்பதையே தன் கலையாக்கிக்கொண்டவர். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே பதிவுசெய்த ஒலிநாடாக்கள் காப்பகத்தில் தூங்கின. பால் பர்கஸ் என்ற இசைக்கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார். 2023இல் தொகுப்பாக வெளிவந்தன.

அவற்றில் சிலவற்றைக் கேட்டேன். நல்ல வேலை. பொறாமைகூட வந்தது. அந்தக் கலைஞர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தேதிகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதற்கு. அடுத்த ஆண்டே இதே நாட்டில் சிலருக்கு ஒரு மின்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, 'எப்படி ஒலிக்கும் என்று பார்ப்போம்' என்று மணிக்கணக்கில் உட்கார நேரமும் இடமும் கிடைத்தது. 'பார்ப்போம்' என்ற சொல் இருக்கிறதே, அதுதான் சொத்து. தவறலாம், வீணாகலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிவு. சோதனை செய்யும் உரிமை நிலத்தைப் போலவே பங்கிடப்பட்டிருக்கிறது. அவன் செய்தால் பரிசோதனை. நாம் செய்தால் சத்தம்.

கருவியைத் தொடுகிற உரிமையும் அப்படித்தான். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நூற்பில் நம்மாட்களை வேலைக்கு வைத்தார்கள், நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் விடவில்லை. காரணம் என்ன தெரியுமா? நாடாவில் நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், நூலில் எச்சில் படும். தீண்டத்தகாதவன் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி எப்படி வாயில் வைப்பான்? 1928இன் மாபெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சனையை எழுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1927 மார்ச் 20, மகாத் சவுதார் குளத்துத் தண்ணீரைத் தொட்டுக் குடித்தார். முதலில் தண்ணீர், அடுத்து இயந்திரம். தொடுவதுதான் இரண்டிலும் போராட்டம். அப்படியிருக்க, ஈரவிரல் பட்டால்தான் வாய் திறப்பேன் என்கிற ஒரு இயந்திரம் நம் தெருவுக்கு வந்திருக்கிறது, அதை 'அவாள் பொம்மை' என்று நாமே தள்ளிவைப்பதா? அவர்கள் நம்மைத் தள்ளிவைத்தது போதாதா?

*

"நம்மகிட்ட பறை கீது" என்றார் தோழர். பறை இருக்கிறது. ஆனால் பறையோடு நமக்கு இருப்பது ஒற்றை உறவு அல்ல என்பது அவருக்கும் தெரியும். ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்த தெருக்கள் உண்டு. அதற்காக அடிபட்டவர்கள் உண்டு. அவர்களும் விடுதலை வீரர்கள்தான். இன்னொரு பக்கம், இழிவின் அடையாளமாக்கப்பட்டதை எழுச்சியின் அடையாளமாகத் திருப்பிப்போட்டு 1990களின் தலித் கலைவிழா மேடைகளில் அடித்தவர்கள் உண்டு. ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டார்கள். எறிந்ததும் சரி, எடுத்ததும் சரி. இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் நாம். அதுதான் முக்கியம். இப்போது 'தலித் என்றால் பறை, பறை என்றால் தலித்' என்று ஒரு சட்டம் வந்துவிட்டால் முடிவு மறுபடி நம் கையை விட்டுப் போய்விடும். ஊர் திணித்த கட்டாயத்துக்குப் பதிலாக நாமே ஒரு கட்டாயத்தைத் தைத்துப் போட்டுக்கொள்வோம். கல்லூரி விழாவென்றால் பறை, அமைச்சர் வருகையென்றால் பறை என்று இப்போதே ஆகிவிட்டது. கூப்பிடுகிறவன் கைதட்டுகிறான், அடிக்கிறவன் பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போகிறான். இதுவும் ஒத்து ஊதுவதுதான், தாளம் மட்டும் வேறு.

அதோடு, பறையை அறிந்தவர்கள் யாரும் தம்பியின் பெட்டியைப் பார்த்து அதிர்ச்சியடைய நியாயம் இல்லை. மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுகிறோம். அன்றைய ஈரம் என்ன, வெயில் என்ன என்பதைப் பொறுத்து அது பேசும். மழைநாளில் தொய்ந்து 'பொத் பொத்' என்னும். வைக்கோலைக் கொளுத்திக் காட்டினால் விறைத்துக் கணீரென்னும். கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் கிழிந்துபோகும். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்தவன் ஒவ்வொரு அடவு மாற்றும்போதும் தோல் இப்போது என்ன நிலையில் இருக்கிறதென்று கேட்டுக்கொண்டே அடிக்கிறான். உறுமியைப் பாருங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துத் தேய்த்து வரவைக்கும் அந்த முனகலை எந்தச் சுரத்தில் எழுதுவீர்கள்? அது எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று தேய்க்கிறவனுக்கே பாதிதான் தெரியும். மீதியைத் தோல் முடிவுசெய்யும். கருவியோடு மல்லுக்கட்டுவது, கருவியின் பேச்சைக் கேட்பது, அதற்கு விட்டுக்கொடுப்பது, தக்க நேரத்தில் இழுத்துப் பிடிப்பது எல்லாம் நம் கைகளுக்கு நூற்றாண்டுப் பழக்கம். அய்ரோப்பாவிலிருந்து 'கட்டுக்கடங்காத கருவி' என்று பெயரெழுதி வந்தால்தான் அதற்கு மதிப்பா?

அவர்கள் புனிதம் என்று சொல்லும் மிருதங்கத்திலும் கதை இதுதான். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் சேர்ந்தால்தான் அந்த நாதம். உரித்து, ஊறவைத்து, அறுத்து, வார் பிடித்துக் கட்டிய கைகள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்களுடையவை. டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் வேண்டும், நாதம் வேண்டும், தோலைப் பற்றிய பேச்சு மட்டும் வேண்டாம்.

*

"இதுல அரசியல் எங்க கீது?" இந்தக் கேள்விக்குப் பதில் அன்றிரவே வந்துவிட்டது. நான்தான் கவனிக்கவில்லை.

தம்பி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, தோல் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த பெரியவர் ஒருவர் மெல்ல எழுந்து வந்தார். சுண்ணாம்பும் ரசாயனமும் தின்ற கைகள். நகங்களைப் பார்த்தாலே எந்த வேலை என்று சொல்லிவிடலாம். பெட்டியைக் காட்டி, "இது டிரம்மு சுத்தற சத்தம்தானேப்பா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டேனரிக்குள் ஆள் உயரத்தை மிஞ்சிய பெரிய மரப் பீப்பாய்கள் இருக்கும். அவற்றைத்தான் டிரம்மு என்கிறோம். தோலையும் தண்ணீரையும் குரோமிய உப்பையும் உள்ளே போட்டு மூடிச் சுற்றவிடுவார்கள். மணிக்கணக்கில் சுற்றும். ஈரத்தோல் மேலே ஏறித் தொப்பென்று விழுகிற சத்தமும், அச்சு முனகுகிற சத்தமும், மோட்டார் இரைச்சலும் கலந்து ஒரு உறுமல். நாங்கள் தூளியில் கிடந்தபோதே கேட்ட சுருதி அதுதான். தம்புரா இல்லை. அந்த உறுமல் நின்றால் வேலை இல்லை என்று அர்த்தம், வீட்டில் உலை ஏறாது. அந்த உறுமல் ஓடினால் பாலாறு சாகிறது என்று அர்த்தம், கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூக்கத்திலிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். தீர்ப்புக்கும் அந்தச் சேற்றுக்கும் இடையில் பதினெட்டு வருஷத்துக்கும் மேல்.

இந்த வாழ்க்கைக்குப் பாட்டு இருக்கிறது, கவிதை இருக்கிறது. நானே எழுதியிருக்கிறேன். ஆனால் என் கவிதையைக் கேட்டு அந்தப் பெரியவர் ஒருநாளும் எழுந்து வந்ததில்லை. 'நல்லா எழுதிகீற தம்பி' என்பார், அவ்வளவுதான். என் சொற்கள் அவரைப் பற்றிப் பேசின. பெட்டியின் உறுமலோ அவர் முப்பது வருஷம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்ததை வெளியே, மேடையில், எல்லார் காதிலும் வைத்தது. முதலாளியின் சுவருக்குள் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் அண்ணல் படத்துக்கு முன்னால் வந்து நின்றது. இதைவிட அரசியல் வேறென்ன வேண்டும்? முழக்கம் போட்டால்தான் அரசியல் என்றால், முழக்கம் போட வாயில்லாமல் போனவர்களின் அரசியலை எப்படிக் கேட்பது?

தம்பிக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்டேன். "தெரியாதுண்ணே. டிரம்மு சத்தம் வரணும்னு நான் வாசிக்கல. அது பாட்டுக்கு அங்க போச்சு. போனப்புறம் விட எனக்கு மனசு வரல" என்றான். எப்படி ஒலிக்கும் என்று முன்கூட்டியே தெரியாத கருவியால் கிடைக்கிற லாபம் இதுதான். நாம் தேடாதது, தேடத் தெரியாதது, மறந்துபோனது வந்து நிற்கும். திட்டமிட்டு எழுதினால் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் வரும். கவிதை எழுதுகிறவனாக இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

*

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெட்டி விடுதலையைக் கொண்டுவராது. எந்தக் கருவிக்கும் சாதி கிடையாது என்பதால் எந்தக் கருவிக்கும் புரட்சியும் கிடையாது. தொடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு தியானம், ஆன்மிகம், பிரபஞ்ச நாதம் என்று போனால் இதே உறுமல் ஓங்காரமாகிவிடும். அந்தக் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆகவே நகர்ப்புறத்துப் பணக்காரப் பொம்மை என்ற தோழரின் சந்தேகத்தை நான் குப்பையில் போடவில்லை. சந்தேகம் இருக்கட்டும். தடை வேண்டாம் என்கிறேன்.

2018இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக நின்றன. 'கானாவில் கிடார் எதற்கு' என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. பாட்டில் சொல் இருந்ததால் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அரசியல் சொல்லில் மட்டும்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை நமக்குள் ஆழமாக இருக்கிறது. படித்தவன் நம்பிக்கை அது. பேனா பிடித்தவன் தன் கருவியே பெரிது என்கிறான். எழுத்தறிவில்லாத நம் பாட்டன்கள் சொல் இல்லாமலே பறையில் சாவையும் சொன்னார்கள், கலியாணத்தையும் சொன்னார்கள். காட்டில் மிருகத்தை விரட்டினார்கள். அவர்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

என் கோரிக்கை சின்னது. நம் இரவுப் பள்ளிகளில், படிப்பகங்களில் கேரம் போர்டு இருக்கிறது, செய்தித்தாள் இருக்கிறது, அண்ணல் நூல்தொகுதி இருக்கிறது. ஒரு மூலையில் ஒலிக்கருவிகளும் இருக்கட்டும். பறையும் இருக்கட்டும், பழைய கீபோர்டும் இருக்கட்டும், தம்பியைப் போன்றவர்கள் கழற்றிப் பூட்டிச் செய்யும் மின்பெட்டிகளும் இருக்கட்டும். நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்க அல்ல. சும்மா தொட்டுப் பார்க்க. தவறு செய்ய. ஒரு மாலை முழுவதும் ஒன்றுமே உருப்படியாக வராமல் வீட்டுக்குப் போக. நம் பிள்ளைகளுக்கு யாரும் இதுவரை கொடுக்காத உரிமை அந்த 'சும்மா'தான். பள்ளியில் மதிப்பெண், ஷூ கம்பெனியில் ஒரு நாளைக்கு இத்தனை ஜோடி, இயக்கத்தில் இத்தனை பாட்டு என்று எல்லா இடத்திலும் கணக்குக் கேட்கிறோம்.

அந்த ஞாயிறு நான் கிளம்பும்போது, தம்பியின் அக்கா மகள், எட்டாவது படிக்கிறவள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், "மாமா, நான் ஒருவாட்டி" என்று உள்ளே வந்தாள். கையைத் துடைக்கவில்லை. தம்பி பெட்டியில் சொட்டப்போகிறதே என்று பதறினான், ஆனாலும் தடுக்கவில்லை. இரண்டு ஈரக் கைகளையும் விரித்து எட்டுக் குரல்களையும் ஒரே நேரத்தில் தொட்டாள். நானோ தம்பியோ தொட்டபோது வராத ஒரு குரல் வீட்டை நிறைத்தது. தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். அவள் பயந்து கையை எடுத்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டு விழவில்லை என்று தெரிந்ததும் மறுபடி தொட்டாள்.

தோழர் வரட்டும். சண்டையைத் தொடரலாம். அதற்கு முன் ஒருமுறை விரலை நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.